மூணாம் நம்பர் வீட்டு அடுப்பு

அத்தியாயம் 14

மணி அடித்தது.

காலை பத்து நாற்பது. தீயணைப்பு நிலையத்தின் கூரையில் தொங்கும் அந்தப் பழைய மின்மணி, வண்டி நிற்கும் ஷெட்டையும், முற்றத்தையும், அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கும் எட்டு வீடுகளையும் ஒரே பிடியாகப் பிடித்து உலுக்கியது.

எட்டு வீட்டிலும் கைகள் அடுப்பை நோக்கிப் போயின.

அந்தக் குடியிருப்பின் வழக்கம் அது. மணி அடித்தால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மணி அடித்ததும் எல்லாரும் வண்டி புறப்படுவதை வேடிக்கை பார்க்க வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஐந்தாம் நம்பர் வீட்டுச் சமையலறையில் புகை. வண்டி ஊர்த் தீயை அணைக்கப் போயிருக்க, தீயணைப்புக்காரர் வீட்டுத் தீயை வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அந்த வெட்கக்கேட்டில் பிறந்த சட்டம். யாரும் எழுதி ஒட்டவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

மூணாம் நம்பர் அக்காவின் கையும் போனது. இருபத்தெட்டு வருஷமாக மூணாம் நம்பர் வீட்டில் இருப்பதால் அங்கே அவளுக்கு அதுதான் பெயர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குமிழைப் பிடித்து வலப்பக்கம் திருகின.

திருகிய பிறகுதான் பார்த்தாள். விரல்களுக்கு நடுவே வெறும் காற்று.

அடுப்பைக் காலையிலேயே கழற்றியாகிவிட்டது. பழைய போர்வையில் சுற்றி, பெட்டியில் போட்டு, லாரியில் ஏற்றியும் ஆகிவிட்டது. மேடையில் அது இருந்த இடத்தில் நாலு ரப்பர் காலின் கறுப்பு வட்டங்களும், எத்தனை தேய்த்தும் போகாத ஓர் எண்ணெய்க் கறையும் மட்டும் மிச்சம்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சிரிப்பு நின்றது.

முற்றத்தில் அவள் கணவர் கட்டில் சட்டங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஷெட்டுக்கு முதுகு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

முப்பத்திரண்டு வருஷம் அந்த நிலையத்தின் பெரிய வண்டியை ஓட்டியவர். முதல் அடிக்கே எழுந்து, இரண்டாம் அடிக்கு வாசலில் இருப்பவர். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடியிருக்கிறார். வாயில் சோற்றோடு ஓடியிருக்கிறார். அந்த மனுஷன் இன்று கயிற்றை இழுத்துப் பார்த்து, பிடிக்காமல், அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்.

'விட்டுட்டார். மனசாரவே விட்டுட்டார்' என்று நினைத்தாள். 

அப்போதுதான் அவர் நெற்றி வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். அவள் கை இன்னும் அந்தரத்தில், இல்லாத குமிழைத் திருகியபடியே இருந்தது.

கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஓட்டமென்றால் அப்படி ஓர் ஓட்டம். ஐம்பத்து நாலு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நேராக வண்டியின் வலப்பக்கம் போய், ஏறுபடியில் ஒரு காலை வைத்து, கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

உள்ளே ஆள் இருந்தது. புது டிரைவர். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இவரைப் பார்த்தான். நேற்று மாலையே இவர் பெயரைப் பணிப் பலகையிலிருந்து எடுத்து அவன் பெயரை எழுதியாகிவிட்டது.

அவர் காலைக் கீழே எடுத்தார். கதவை வெளியிலிருந்து இரண்டு தட்டுத் தட்டினார். "போ."

வண்டி உறுமியது. நகரவில்லை.

ஷெட்டின் வாசலை அடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜும் பீரோவும் நாற்பத்தைந்து பெட்டிகளுமாக, வீடு மாற்றும் லாரி நின்றிருந்தது.

அங்கே நிறுத்தச் சொன்னது வேறு யாருமில்லை, மூணாம் நம்பர் அக்காதான். ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடக்க வேண்டாமே, பத்தே நிமிஷம்தானே என்று சொல்லிவிட்டாள். அந்த வாசலில் நின்ற பழ வண்டிகளையும், கல்யாணக் கார்களையும், ஒருமுறை ஒரு நகரசபை அதிகாரியின் ஜீப்பையுமே விரட்டியடித்தவள். லாரிக்காரரோ சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"அண்ணே," வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார் மீசை. குழுத் தலைவர். பத்து வருஷமாக அந்த வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை அவருடையது. "நம்ம வாசல்ல நம்ம சாமானா?"

அவள் கணவரான பழைய டிரைவர் அந்தப் பக்கமே திரும்பாமல், லாரியின் திறந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவைத் திறந்து, கியரை நியூட்ரலில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். "தள்ளு."

ஆண்கள் தள்ளினார்கள். போதவில்லை. எட்டு வீட்டுப் பெண்களும் வந்து தோள் கொடுத்தார்கள். மூணாம் நம்பர் அக்கா தன் வீட்டுப் பீரோவைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். லாரி முனகிக்கொண்டே உருண்டது. பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளி விழுந்து, வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

வாளியை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியேறியது. சைரன் தெருமுனையில் திரும்பித் தேய்ந்தது.

முற்றம் சட்டென்று பெரிதாகிவிட்டது. நடுவில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார், கைகளைத் தொங்கவிட்டபடி. அந்த வண்டி அவசரத்துக்குப் போவதை அவர் வெளியில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"பின் விளக்கு ஒண்ணு எரியல," என்றார், யாரிடமும் இல்லாமல். "எத்தனை நாளா எரியலையோ."

லாரிக்காரர் டீ கிளாஸோடு திரும்பி வந்தார். "என் வண்டிய யாருங்க தள்ளினது?"

"அரசாங்கம்," என்றாள் மூணாம் நம்பர் அக்கா. குனிந்து நசுங்கிய வாளியை எடுத்தாள்.

*

இந்த வீட்டை விட்டுப் போவதற்குக் காரணம் வெளியில் சொல்வது ஒன்று. வேலையை நாலு வருஷம் முன்னதாகவே விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார் டிரைவர். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மகள் ஊரின் அந்தக் கோடியில் ஆறாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறாள். எல்லாம் கூடி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவளுக்குத் தெரிந்த காரணம் வேறு.

நாலு மாசத்துக்கு முன்னால் அவளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வாடகைக் கார் வந்து நின்றது. ஏற ஒரு காலைத் தூக்கினாள். மணி அடித்தது. தூக்கிய கால் அப்படியே நின்றது. அவர் அந்தக் காலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் பையை மகள் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டார். அன்று அவருக்கு விடுப்பு. எழுதி வாங்கிய விடுப்பு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, தையல் பிரித்த அன்று, அவள் சொன்னாள். சத்தம் போட்டுக்கூட இல்லை. "உங்களுக்கு நானா, அந்த மணியா? ஒண்ண முடிவு பண்ணிக்கோங்க."

இரண்டே வாரத்தில் முடிவு பண்ணிவிட்டார்.

கொஞ்ச காலமாகவே பேச்சைக் குறைத்திருந்தவர், அதிலிருந்து சரியாகப் பேசுவதே இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டு, எதிரில் போய் நின்றால்தான் "ம்?" என்பார். டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைத்துக்கொள்வார். கோபம். வேறென்ன. வாய் திறந்து திட்டத் தெரியாத மனுஷன் அப்படித்தான் கோபத்தைக் காட்டுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

மகள் பதினொன்றரைக்கு வந்தாள். கணக்கு டீச்சர். பெட்டிகளுக்கு ஒன்றிலிருந்து நாற்பத்தைந்து வரை நம்பர் போட்டு, எதில் என்ன என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். லாரியைச் சுற்றிவந்து எண்ணினாள்.

"எல்லாம் சரி. அது என்னம்மா வாளி?"

"அது கதை. அப்புறம் சொல்றேன்."

"இந்த நாற்காலி லிஸ்ட்ல இல்லையே." சமையலறை வாசலில் கிடந்த பிரம்பு நாற்காலியைக் காலால் தள்ளினாள் மகள். ஒரு கால் ஆடியது. "இத இங்கயே போட்டுடலாம். அடுத்து வர்றவங்க அடுப்பெரிச்சுக்கட்டும்."

"அது வரும்."

"உக்காந்தா விழுந்துடும்மா."

"வரும்னு சொல்றேன்ல."

குரலில் இருந்த அழுத்தத்தில் மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து, 'நாற்பத்தாறு, நாற்காலி' என்று எழுதிக்கொண்டாள்.

அந்த நாற்காலியை அவர் சமையலறை வாசலில் கொண்டுவந்து போட்டு இரண்டு வருஷம் இருக்கும். அதற்கு முன்னால் வீட்டிலிருந்தால் முற்றத்தில்தான் இருப்பார். திடீரென்று ஒருநாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். பேப்பர் படிப்பது அங்கே, ஷூ துடைப்பது அங்கே.

"என்ன, என் சமையலுக்குக் காவலா?" என்று கேட்டிருக்கிறாள்.

"பாத்துட்டு இருக்கேன். பாக்கக் கூடாதா?" என்பார்.

சில நாள் அவள் அடுப்பை அணைத்ததும் விருட்டென்று எழுந்து வாசல் வரை போவார். ஷெட்டைப் பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்வார். "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல, காத்தாட." நிலைகொள்ளாத மனுஷன்.

தூங்கும்போதும் ஒரு புதுப் பழக்கம். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை. நாலாம் நம்பர்க்காரியிடம் மட்டும் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவள் போய் எட்டு வீட்டுக்கும் சொல்லி, ஒரு வாரம் கேலி ஓடியது. "அக்கா வீட்ல இப்பத்தான் தேனிலவு."

அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் 'நானா மணியா' என்று கேட்டாயிற்று. கேள்வி கேட்க எத்தனை சுலபம்.

*

வீட்டைக் கடைசியாக ஒருமுறை சுற்றி வந்தாள். இரண்டே அறை. சுற்ற என்ன இருக்கிறது?

வாசல் நிலைக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் இரண்டு வழவழப்பான பள்ளங்கள். அவர் ஷூ இருக்கும் இடம். எப்போதும் முன்பக்கம் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும், கால் விட்டதும் ஓட வசதியாக. மகள் தன் முதல் செருப்பையும் அதன் பக்கத்தில் அப்படித்தான் வைத்தாள். பள்ளிக்கூடத்தில், "ஏன் எல்லாச் செருப்பையும் திருப்பி வைக்கற?" என்று டீச்சர் கேட்டு அனுப்பினார்.

ஜன்னலுக்கு வெளியே உயரமான குழாய்க் கோபுரம். நனைந்த தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்துகிற இடம். மழைக்காலத்தில் எட்டு வீட்டுப் போர்வைகளும் அங்கேதான் காயும். அதிகாரிகள் பார்வையிட வரும் அன்று மட்டும் போர்வைகள் மாயமாய் மறையும். ஒருமுறை ஒரே ஒரு குழந்தைச் சட்டை மட்டும் உச்சியில் மாட்டிக்கொண்டது. "அது என்ன கொடி?" என்று கேட்ட மேலதிகாரிக்கு, "காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பாக்க, சார்," என்று முகம் மாறாமல் பதில் சொன்னவர் டிரைவர்தான்.

சனிக்கிழமைதோறும் வண்டி கழுவுவார்கள். குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் அதே குழாயில் குளியல். அந்தத் தண்ணீரின் வேகத்தில் மகள் ஒருமுறை முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டே போனதை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

இன்று வரவில்லை. லாரியோடு அவரும் மகளும் முன்னாலேயே போய்விட்டார்கள். அவள் வீட்டைப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நேராக நிலைய அதிகாரியின் அறைக்குப் போனாள்.

போன வாரம் அதிகாரியின் மனைவி தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். டிரைவர் கொடுத்த கடிதம் இன்னும் மேலே போகவில்லை, இவர் மேஜையிலேயே வைத்திருக்கிறார் என்று. அன்றிலிருந்து அதைத் திரும்ப வாங்கிவிடலாமா என்ற நினைப்பே அவளுக்கு.

அதிகாரி டிரைவரைவிடப் பத்து வயது இளையவர். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உக்காருங்கக்கா. வாசல் தடைன்னு ரிப்போர்ட்ல எழுதணும். எதனாலன்னு எழுதறது?"

"மூணாம் நம்பர் வீட்டு ஃபிரிட்ஜுன்னு எழுதுங்க, சார். தப்பு என்னோடது."

அவர் சிரித்தார். "சின்னத் தீதான். காகித குடோன்ல புகை. மீசை அணைச்சுட்டாராம்."

"சார், நான் வேற ஒண்ணு கேக்க வந்தேன். அந்தக் கடிதம்."

அதிகாரி மேஜை இழுப்பறையைத் திறந்தார். பழுப்பு உறை. கணவரின் கையெழுத்து. எழுத்துகள் எல்லாம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவையும் எங்கோ அவசரமாகப் போகிற மாதிரி.

"நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேங்க்கா. நாலு வருஷம் இருக்கு, அவர மாதிரி ஒரு டிரைவருக்கு நான் எங்க போவேன்? காரணமாவது எழுதுங்கன்னேன். 'சொந்தக் காரணம்'னு ரெண்டே வார்த்தை எழுதிக் குடுத்துட்டார்."

"அந்தச் சொந்தக் காரணம் நான்தான், சார்."

அதிகாரி அவளைப் பார்த்தார்.

"நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். வலியில சொன்னது. அவர் அதப் புடிச்சுக்கிட்டார். இன்னிக்கு மணி அடிச்சப்போ அவர் நின்ன நெலையை நான் பாத்தேன். ஓடாம இருக்கணும்னு வைராக்கியமா நின்னார். அப்புறம் முடியாம ஓடினார். என்னால அதத் தாங்க முடியல."  முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இதத் திரும்ப எடுத்துக்க வழி இருக்கா?"

அதிகாரி உறையைக் கையில் எடுத்தார். பிறகு அதை மேஜை மேல் அவள் பக்கமாக நகர்த்தினார்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குத் தபால் பை போகும். அதுக்குள்ள இது என் கைக்குத் திரும்பி வந்தா மேல அனுப்பிடுவேன். வரலன்னா, இப்படி ஒரு கடிதமே எனக்கு வரல. பலகையில பேர மாத்தி எழுத எனக்கு ஒரு சாக்பீஸ் போதும்."

"சார்..."

"அடுத்த மாசம் எல்லாருக்கும் உடம்புப் பரிசோதனை வருது. அத மட்டும் முடிச்சுட்டார்னா நாலு வருஷத்துக்கு அவர யாரும் அசைக்க முடியாது. வீட்டுச் சாவிய என்கிட்ட குடுக்க வேணாம். நீங்களே வெச்சுக்கங்க. ஆனா அவர்கிட்ட கேட்டுடுங்க. அவர் வாயால 'சரி'ன்னு ஒரு வார்த்தை வரணும்."

உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு நடை லேசாக இருந்தது. போன சாமானைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். அடுப்பை அதே நாலு வட்டத்தின் மேல் வைத்துவிடலாம். மகள் ஒரு மூச்சுக் கத்துவாள். கத்தட்டும்.

*

ஃபிளாட் சுத்தமாக இருந்தது. அதுதான் அதில் குறை. சுவரில் ஓர் ஆணி அடித்த ஓட்டைகூட இல்லை. பேசினால் எதிரொலித்தது. ஆறாவது மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மற்ற மாடிகளின் தண்ணீர்த் தொட்டிகளும், தூரத்தில் ஒரு பாலமும். தீயணைப்பு நிலையம் எந்தத் திசை என்றே தெரியவில்லை.

"சத்தமே இல்லல்லம்மா?" என்றாள் மகள் பெருமையாக.

"ஆமா," என்றாள் அவள். "காது அடைச்ச மாதிரி இருக்கு."

சமையலறைக்குக் கதவும் இல்லை, நிலையும் இல்லை. கூடத்தோடு சேர்ந்தே இருந்தது. டிரைவர் அந்தப் பிரம்பு நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் சுற்றினார். கடைசியில் அடுப்பு மேடைக்கு நேர் எதிரே போட்டார். ஆடுகிற காலுக்கு அடியில் மடித்த அட்டை ஒன்றைச் சொருகினார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கரித்தது.

நாலு மணி தாண்டிவிட்டது. மகள் பல்பு வாங்கவும், லாரிக்காரரை அனுப்பி வைக்கவும் கீழே போனாள்.

அடுப்பைப் பொருத்தினார் டிரைவர். அவள் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அவர் ஏணியில் ஏறி, ஜன்னலுக்கு மேலே திரைக்கம்பி மாட்டத் தொடங்கினார். முகம் சுவரைப் பார்த்து.

அவள் பையிலிருந்து உறையை எடுத்து மேடை மேல் வைத்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபம் என்று தோன்றியது.

"என்னங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் ஸ்குரூ ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் திருகினார்.

"உங்க கடிதம் மேல போகல. என்கிட்டத்தான் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள நாம திருப்பிக் குடுக்கலன்னா, நாளைக்கே நீங்க வேலைக்குப் போகலாம். சார் சொல்லிட்டார்."

ஸ்குரூடிரைவர் ஒரே சீராகச் சுழன்றது.

"நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வலியில கேட்டுட்டேன். நானா மணியான்னு கேக்கறதுக்கு நான் யாரு? கல்யாணத்துக்கு முன்னாடியே நீங்க அங்க இருந்தீங்க. மணிய வெச்சுத்தானே நானும் வந்தேன். இருபத்தெட்டு வருஷம் எனக்கும் அது பழகிப்போச்சுங்க. இன்னிக்கு வண்டி உங்கள விட்டுட்டுப் போனப்போ, என்னை யாரோ விட்டுட்டுப் போன மாதிரி இருந்தது."

அவர் கம்பியை இழுத்து ஆட்டிப் பார்த்தார்.

"நாம திரும்பிப் போயிடலாம். சாவி என்கிட்டயே இருக்கு. உங்க மக கத்தினா நான் பாத்துக்கறேன். நீங்க 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் இரண்டாவது ஸ்குரூவை வாயிலிருந்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளையில் வைத்துத் திருகத் தொடங்கினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறிற்று. இத்தனையையும் கேட்டுவிட்டு ஒரு மனுஷனால் ஸ்குரூவைத் திருக முடியுமா? அத்தனை கோபமா? மன்னிப்புக் கேட்டவளைத் திரும்பிக்கூடப் பார்க்காத அளவுக்கு அப்படி என்ன செய்துவிட்டாள் அவள்?

"சரி," என்றாள், தனக்கே. "அப்படின்னா அப்படியே இருக்கட்டும்."

டீ கொதித்து விளிம்பைத் தொட்டது. அவர் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினார். அதே நேரம் அவள் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். கோபத்தில் கொஞ்சம் வேகமாகவே.

அவர் ஓடினார்.

கையிலிருந்த ஸ்குரூடிரைவர் தரையில் விழுந்து உருண்டது. ஒரே எட்டில் நாற்காலியைத் தாண்டி, கதவருகே போய், வாசலைப் பார்த்தபடி வைத்திருந்த ஷூவுக்குள் ஒரு காலை விட்டுவிட்டார்.

"எங்க ஓடறீங்க?" அவள் பின்னாலேயே வந்து, எதிரில் போய் நின்றாள்.

"மணி," என்றார், மற்றொரு காலைத் தேடிக்கொண்டே. "மணி அடிச்சுதே."

"இங்க ஏதுங்க மணி?"

அவர் நின்றார். சுற்றிலும் பார்த்தார். புதுச் சுவர், புதுக் கதவு, ஆறாவது மாடி. பிறகு அவள் வலது கையைப் பார்த்தார். விரல்கள் இன்னும் மடங்கியபடி இருந்த அந்தக் கையை.

 மேடை மேல் டீ அடங்கும் மெல்லிய ஓசை. அவள் அதைக் கேட்டாள். அவர் முகத்தில் அதைக் கேட்ட அடையாளமே இல்லை.

அவள் மனதில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பேப்பரோடு அந்த நாற்காலி. காரில் ஏறாமல் அந்தரத்தில் நின்ற அவள் கால், அதைப் பார்த்த அவர் முகம். மணிக்கட்டில் ராத்திரி முழுக்க இருக்கும் அந்தப் பிடி. இன்று காலை ஜன்னலில் அவள் திருகிய வெறும் காற்று.

"நான் இப்போ உங்ககிட்ட ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டாள், மெதுவாக, உதடு தெரியும்படி.

"எப்போ?"

அவள் பார்வை மேடைப் பக்கம் போனது. அவர் மேடை மேல் கிடந்த பழுப்பு உறையைக் கண்டார். தன் கையெழுத்தையும் கண்டார். ஒரு காலில் ஷூவோடு நொண்டிக்கொண்டே வந்து, அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் பிடிக்கிற அதே இடத்தில், மணிக்கட்டில்.

சுவர்க் கடிகாரம் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. ஐந்துக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க வழியில்லை.

"மீசைக்கு மட்டும் தெரியும்," என்றார். "வேற யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியக் கூடாதுன்னுதான் நெனச்சேன்." அணைந்த அடுப்பைப் பார்த்தார். "எனக்கு மணி கேட்டு ரெண்டு வருஷமாச்சு. நீ அடுப்ப அணைக்கறதப் பாத்துத்தான் நான் ஓடிட்டிருந்தேன்."